பேக்கரிக்கு மேலே ஒரு வீடு

பின் சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று கிளம்பும்போதே பலூன் சொல்லிவிட்டாள். அது பொய். எந்த வண்டியின் எந்த மூலையில் உட்கார வைத்தாலும் அவளுக்குத் தலை சுற்றியதே கிடையாது. ஆனால் முன் சீட் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு காரணம் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதைக் கேட்டதும், காருக்குச் சொந்தக்காரியான நர்ஸ் கைப்பைக்குள் துழாவி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போட்டுக்குங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு பலூன் பின்னால் ஏறினாள். முன் சீட்டில் குருவி உட்கார்ந்துகொண்டாள்.

பலூன் என்ற பெயரை அவளுக்கு வைத்தது குருவி. கோபம் வந்தால் பேச மாட்டாள், கன்னம் மட்டும் உப்பிக்கொண்டே போகும். குருவி என்ற பெயரை வைத்தது பலூன். ஒரு கைப்பிடி சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. குருவி என்ற அந்தப் பெயரை உரிமையோடு சொல்ல உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் அனுமதி என்று பலூன் நினைத்திருந்தாள். இன்றைக்கு நெடுஞ்சாலை ஏறுவதற்குள்ளேயே நர்ஸ் வாயிலிருந்து அது மூன்று தடவை வந்துவிட்டது. "குருவி, அந்தத் தண்ணி பாட்டிலை எடு." "குருவி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா வை." ஏதோ அவள்தான் தொட்டில் கட்டிப் பெயர் வைத்தவள் போல.

வருஷத்துக்கு ஒரு முறை இவர்கள் இருவரும் பஸ்ஸில் கடற்கரைக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவார்கள். வீடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிற மூன்று நாள். பலூன் தன் கணவனோடு செருப்புக் கடை நடத்துகிறாள். குருவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். இந்த வருஷம் குருவி போன் பண்ணி, "நம்ம கூட நர்ஸும் வர்றா. அவ கார்லயே போயிடலாம்" என்றாள். "நம்ம கூட" என்றதிலேயே பலூனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. குருவியின் காலில் இருந்த துணி ஷூ, வெள்ளைக் கயிறு போட்டது, பலூனின் கடையில் வாங்கியதல்ல. குருவியின் கால் அளவு பலூனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இடது கால் வலது காலை விடக் கொஞ்சம் அகலம், அதற்கேற்ற ஜோடி வந்தால் எடுத்து வைத்துவிடுவாள். இத்தனை வருஷமாக வேறு கடை வாசலை மிதிக்காதவள் இப்போது எங்கேயோ போய் வாங்கியிருக்கிறாள். நர்ஸின் காலில் அதே ஷூ, அதே வெள்ளைக் கயிறு.

வெறும் சிநேகிதி என்றால் கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். குருவி அவளுக்கு அண்ணி. அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்ததே பலூன்தான். கல்யாணம் ஆனால் சிநேகிதிகள் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள், பிறகு எங்கேயாவது கடைத்தெருவில் பார்த்தால்தான் உண்டு. இவளைத் தன் அண்ணனுக்கே கட்டி வைத்துவிட்டால் எங்கே போவாள்? "என் அண்ணன் தங்கமானவன்டி. வாயே திறக்க மாட்டான். நீ பாட்டுக்கு ராணி மாதிரி இருக்கலாம்" என்று ஒரு மாதம் குருவியின் காதைக் கடித்துத்தான் சம்மதிக்க வைத்தாள்.

முன்னால் இருந்த இருவரும் ஆஸ்பத்திரிக் கதை பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். யாரோ ஒரு டாக்டர், யாரோ ஒரு வார்டு, பாதியிலேயே இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். "என்னது, என்னது?" என்று பலூன் தலையை முன்னால் நீட்டினால், "அது ஒண்ணுமில்லடி, அங்க இருந்தாத்தான் புரியும்" என்பாள் குருவி. பலூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்பலகை போலச் சாலை நீண்டு கிடந்தது. அதில் எழுத அவளுக்கு நிறைய இருந்தது.

அப்போதுதான் காரின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. நர்ஸ் பதறாமல் வண்டியை ஓரம் கட்டினாள். குருவி பின்னால் திரும்பிப் பலூனின் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தியா, வண்டிக்கும் உனக்கும் ஒரே நேரத்துல காதுல புகை வருது."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பலூனுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

சாலையிலிருந்து பிரிந்து ஒரு சின்ன ஊர் இருந்தது. வழியில் போன ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் பட்டறையில் விட்டார். பட்டறை வாசலில் எண்ணெய் ஊறிக் கறுத்த மண், ஆளுயரத்துக்கு அடுக்கிய பழைய டயர்கள். மெக்கானிக் காரின் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"வாட்டர் பம்ப் போயிடுச்சு. நம்மகிட்ட இல்ல. பக்கத்து டவுன்ல சொல்லி மத்தியானப் பஸ்ல போட்டுவிடச் சொல்றேன். மாட்டி முடிக்க சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க."

"ஊருல பாக்க என்ன இருக்கு?" என்றாள் நர்ஸ்.

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுமில்ல" என்றார்.

ஒரே ஒரு பெரிய தெரு. இரண்டு பக்கமும் கடைகள், அவற்றுக்கு மேலே வீடுகள், மாடிக் கம்பிகளில் காயும் துணிகள். முடிவெட்டும் கடையில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு அண்ணாந்து கிடந்தார். விதையும் உரமும் விற்கிற கடையில் முதலாளி மூட்டை மேல் சாய்ந்து தூங்கினார். மூன்று பெண்கள் வெறுங்கையோடு நடந்து போவதைத் தெருவே நிமிர்ந்து பார்த்தது.

ஒரு செருப்புக் கடை வந்ததும் பலூனின் கால் தானாக நின்றது. தொழில் புத்தி. வெயில் நேராக அடிக்கிற கண்ணாடிக்குள் தோல் செருப்புகளை வரிசையாக வைத்திருந்தான் அந்தக் கடைக்காரன். ஜோடியில் வெயில் பட்ட இடது செருப்பு மட்டும் வெளுத்து, வலது பழைய நிறத்திலேயே இருந்தது. "இவனை எல்லாம் யாரு கடை வைக்கச் சொன்னா? இங்க பாரு குருவி, ஜோடியில ஒண்ணு ஒரு கலர், இன்னொண்ணு ஒரு கலர்" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. இருவரும் வெகுதூரம் போயிருந்தார்கள். குருவி நர்ஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, உயரமான நர்ஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நடந்தாள். தான் பின்தங்கிவிட்டதை ஒருத்தி கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது பலூனின் நெஞ்சில் நறுக்கென்று தைத்தது. கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தாள். அவர்களாகத் திரும்பட்டும், எவ்வளவு நேரம் ஆகிறது பார்க்கலாம் என்று அங்கேயே நின்றாள். அவர்கள் திரும்பவே இல்லை. ஒரு பேக்கரி வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில் பலூனே வேகமாக நடந்து போய்ச் சேர்ந்தாள்.

மாடிக் கம்பியில் ஒரு அட்டை தொங்கியது. "வீடு வாடகைக்கு. கீழே கேட்கவும்."

"சும்மா பாத்துட்டு வருவோமா? பொழுது போகும்" என்றாள் குருவி.

பலூனுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. இது அவர்களுடைய பழைய விளையாட்டு. கல்லூரி நாட்களில் பெரிய நகைக்கடைக்குள் நுழைந்து, கல்யாணப் பெண் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். நர்ஸுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? "நான் பேசிக்கறேன், நீங்க கம்முனு வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

பேக்கரிக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கை முழங்கை வரை மாவு, நெற்றியிலும் ஒரு கீற்று மாவு. பக்கவாட்டுப் படி வழியாக மூவரையும் மேலே அழைத்துப் போனார். இரண்டு அறை, ஒரு சமையலறை, குளியலறை. சுண்ணாம்பு அடித்து அதிக நாள் ஆகவில்லை. தரை வெதுவெதுப்பாக இருந்தது.

"கீழ அடுப்பு இருக்கில்ல, அந்தச் சூடுதான். குளிர் காலத்துல சொகமா இருக்கும். வெயில் காலத்துல என்னைக் கொஞ்சம் திட்டுவீங்க. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் சண்டை வரக் கூடாது."

குருவி ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு அந்தத் தரையில் நின்றாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். தண்ணீர் மேலே வரை ஏறுமா, எத்தனை வேளை வரும்? சமையலறை ஜன்னல் திறக்குமா? திறந்து பார்த்தாள். படிக்கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறதா? போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற டவுனுக்குக் காலையில் முதல் பஸ் எப்போது? இரவு ஷிப்டு முடிந்து வந்தால் தெரு விளக்கு எரியுமா?

நல்லாத்தான் நடிக்கிறாள், ஆனால் ரொம்ப நீட்டுகிறாளே என்று பலூன் நினைத்தாள்.

"எல்லாம் சரி, எத்தனை பேரு இருக்கப் போறீங்க?" என்றார் பேக்கரிக்காரம்மா.

"நாங்க மூணு பேருதாங்க. புருஷனுங்களை எல்லாம் வித்துட்டு..." என்று பலூன் தொடங்க, அதே நேரம் குருவியின் குரல் கேட்டது.

"ஒரு ஆள்தாம்மா. நான் மட்டும்தான்."

அதில் விளையாட்டே இல்லை. ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிற குரல் அது. பலூன் குருவியைப் பார்த்தாள். குருவி தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலூன் நர்ஸைப் பார்த்தாள்.

நர்ஸின் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவள் போல நின்றாள். இவளுக்குத் தெரியும். இவளுக்கு முன்னாலேயே தெரியும்.

அண்ணனின் வாழ்க்கை என்ன ஆகும், அம்மா என்ன சொல்வாள் என்பதெல்லாம் பலூனுக்கு அப்புறம்தான் தோன்றியது. அந்த நிமிஷத்தில் அவளுக்குள் பற்றி எரிந்தது ஒன்றே ஒன்றுதான். இவளிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

"தாகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பலூன் கீழே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரம்மாவும் கடையைப் பார்க்க இறங்கி வந்தார்.

"நல்ல பொண்ணா தெரியுது. ஒழுங்கா கேக்கறா" என்றார் அவர்.

"அதெல்லாம் நம்பாதீங்க" என்றாள் பலூன். தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. "அவளுக்குப் புருஷன் இருக்கான், வீடு இருக்கு, எல்லாம் இருக்கு. வண்டி ரிப்பேர், பொழுது போகல, அதான் சும்மா பாக்க வந்தோம். எங்களுக்கு இது ஒரு விளையாட்டு."

பேக்கரிக்காரம்மாவின் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று மேலே போனார். அவர் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

"விளையாடறதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா? அடுப்புல ரொட்டி கருகுது, நான் வேலை மெனக்கெட்டுக் கதவைத் திறந்து காட்டறேன். இறங்குங்கம்மா, இறங்குங்க!"

குருவி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலோடு படியிறங்கி வந்தாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. எதிர்க்கடை வாசலில் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

*

பஸ் நிறுத்தத்தின் நிழலில் குருவி உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டாள். கயிறு கட்ட வரவில்லை. நர்ஸ் குனிந்து கட்டிவிட்டாள். பிறகு நிமிர்ந்து, "நான் வண்டி என்ன ஆச்சுன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பலூனின் பக்கமே பார்க்காமல் நடந்துவிட்டாள்.

"நீதானே சொன்னே?" என்றாள் குருவி.

"ஆமா."

"ஏன்டி?"

பலூனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நாக்கில் முதலில் வந்து நின்றது இதுதான்: "அவகிட்ட ஏன் சொன்னே?"

குருவி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"நான் உங்க அண்ணனை விட்டுட்டுப் போறேங்கறேன். நீ அவகிட்ட ஏன் சொன்னேன்னு கேக்கறே."

"எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணுமா இல்லையா?"

"சொன்னா நீ யாரா இருந்து கேப்பே? சிநேகிதியாவா, நாத்தனாராவா? சொல்லு. எனக்குத் தெரியலடி. அதனாலதான் சொல்லல."

குருவி தெருவைப் பார்த்தபடி பேசினாள். உரக்கப் பேசவில்லை. "நான் லேப்ல சீனியர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணேன்ல, அன்னிக்கு நிறுத்தினாரு உங்க அண்ணன். எங்கிட்டப் பேசறதை. அடிக்கல, திட்டல. பேசறதில்ல, அவ்வளவுதான். குழம்புல உப்பு கம்மின்னா அத்தைகிட்ட சொல்வாரு. அத்தை எங்கிட்ட சொல்வாங்க. நான் அதே மேஜையில அவருக்கு எதிர்லதான் உக்காந்திருப்பேன். இப்படியே ரெண்டு வருஷம் ஓடிடுச்சு. ராத்திரி ஷிப்டு இல்லாத நாள்லயும் ஷிப்டுன்னு சொல்லிட்டு லேப்லயே உக்காந்திருக்கேன். அங்க நர்ஸ் கேட்டா, ஏன் வீட்டுக்குப் போகலன்னு. அவளாதான் கேட்டா. அதனால சொன்னேன். இங்க பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்தல் வாங்கியிருக்கேன். வண்டி இங்க நின்னது தற்செயல், அட்டையைப் பாத்ததும் கேட்டுடலாம்னு தோணிச்சு. நாளைக்குக் கடற்கரையில வெச்சு உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு வழி பூரா அவகிட்ட கேட்டுக்கிட்டே வந்தேன்."

"அவன் சுபாவமே அப்படித்தான்டி. அமைதியானவன். எல்லார்கிட்டயும் அப்படித்தான்."

"எல்லார்கிட்டயும் இல்ல" என்றாள் குருவி. எழுந்து பட்டறைப் பக்கம் நடந்தாள்.

பலூன் அங்கேயே இருந்தாள். அண்ணனைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள். அவன் சொல்கிற பதிலை வைத்து இவள் பேசுவதெல்லாம் மிகை என்று நிரூபித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. விடுமுறை நாள், வீட்டில்தான் இருந்தான். வண்டி நின்றுவிட்டது என்றதும் அண்ணன் பதறிப் போனான். என்ன பாகம் போச்சு, மெக்கானிக் ஒழுங்கானவனா, பழைய பம்ப் எதையாவது மாட்டிவிடப் போகிறான், நல்லா பார்த்துக்கொள், நீ சாப்பிட்டியா, வெயிலில் நிற்காதே. மூச்சு விடாமல் பேசினான். எவ்வளவு பேசுகிறான் இவன், என்று பலூனுக்கு முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

"அண்ணா, குருவி பக்கத்துலதான் இருக்கா. குடுக்கட்டுமா?" என்று ஒரு பொய்யைப் போட்டுப் பார்த்தாள்.

மறுமுனை அடங்கிப் போனது. விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றான்.

அம்மா வந்தாள். "என்னம்மா? அவளுக்கு என்னவாம்?"

"அம்மா, அண்ணன் அவகூடப் பேசறதே இல்லையா?"

"ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். உங்கப்பா எங்கிட்டப் பேசினாரா? நான் குடும்பம் நடத்தலையா? இதெல்லாம் ஊர் வழியில நின்னு கேக்கற பேச்சா?"

பலூன் போனை வைத்தாள். அப்பா ஞாபகம் வந்தது. "உங்கம்மாகிட்ட சட்டையை எடுத்து வைக்கச் சொல்லு" என்று பலூனிடம் சொல்வார். அம்மா அதே அறையில் இருப்பாள். சிறுவயதில் பலூன் அதை ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே ஓடி ஓடிச் சேதி சொல்வாள், பெருமையாகக்கூட இருக்கும்.

*

பேக்கரிக்காரம்மா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். பலூனைப் பார்த்ததும் கத்தியை நிறுத்தாமலே, "இப்ப என்ன? கீழ் வீட்டையும் பாக்கணுமா?" என்றார்.

"அவ விளையாடலம்மா. நெஜமாவே வீடு தேடறா. நான்தான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

கௌரவமாக ஒரு காரணம் சொல்லலாம் என்று பலூன் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"அவ இந்த விஷயத்தை எங்கிட்ட சொல்லல. அந்த நெட்டையா ஒருத்தி வந்தா பாருங்க, அவகிட்ட சொல்லிட்டா. அது பொறுக்கல."

கத்தி நின்றது. "இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"நல்லா வளந்திருக்கே" என்றார் பேக்கரிக்காரம்மா. தட்டிலிருந்த துண்டு துணுக்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "புருஷன் குடிகாரனா?"

"இல்ல. பேச மாட்டான்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "சரி, அவளை வரச் சொல்லு. அவகிட்டதான் பேசுவேன். உன் பேச்சை நம்பி ஒரு ரொட்டி கூடக் கடனுக்குத் தர மாட்டேன்."

பலூன் பட்டறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். குருவியும் நர்ஸும் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். குருவி கட்டிப் பிடித்து அழுவாள் என்று ஓடி வரும்போது நினைத்திருந்தாள். குருவி அழவில்லை.

"உன்னை யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"கெடுக்கறதும் நீயே, சரி பண்றதும் நீயேவா? எல்லாமே நீதான் பண்ணணுமா?" குருவி எழுந்து துணியைத் தட்டிக்கொண்டாள். "நான் தனியாப் போயிட்டு வர்றேன். ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

அவள் தெருவில் சின்னதாகி மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் வந்த பம்பை மெக்கானிக் காகிதத்திலிருந்து பிரித்தார். கடைசியில் பலூன்தான் ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு எல்லாம் முன்னாலயே தெரியும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அது நான் சொல்ற விஷயமா?" நர்ஸின் குரலில் எரிச்சல் இருந்தது. "நீங்க காலையில இருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றீங்க. நான் ஏதோ உங்க வீட்டுப் பொருளைத் திருடிட்ட மாதிரி. அவளுக்கு மாத்தல் கிடைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்னு நெனைக்கறீங்களா? இனிமே கேன்டீன்ல நான் தனியாத்தான் சாப்பிடணும். உங்களுக்காவது வருஷத்துக்கு மூணு நாள் கடற்கரை இருக்கு. எனக்கு இருந்தது அந்தக் கேன்டீன் மேஜை ஒண்ணுதான்."

அதைக் கேட்டு இரக்கம் வந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பலூனுக்கு முதலில் வந்தது ஒரு சின்ன நிம்மதி. ஆக, இவளுக்கும் அவள் கிடைக்கப் போவதில்லை. அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் அந்த நிம்மதி போய்விடவும் இல்லை.

குருவி திரும்பி வந்தபோது கையில் சூடான ரொட்டிப் பொட்டலம் இருந்தது. "முடிஞ்சுது" என்றாள். மூவரும் அதைப் பிய்த்துத் தின்றார்கள். மெக்கானிக்குக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். குருவி அன்றைக்கு இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்றாள்.

கடற்கரைக்குப் போனார்கள். மூன்று நாளும் இருந்தார்கள். குருவி பலூனிடம் பேசினாள், ஆனால் அளந்து பேசினாள். கடைசி நாள் அலையில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது, "படியில வெறும் காலோட இறங்கினதை மட்டும் என்னால மறக்க முடியலடி. கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். பலூன் சரி என்றாள். சமாதானம் சொல்லப் போகவில்லை. அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம்.

குருவி ஊருக்குத் திரும்பியதும் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து, அத்தையின் வழியாக இல்லாமல் தானே சொன்னாள். அண்ணன் அதற்கும் பதில் பேசவில்லை. பலூனுக்கு முன்பே தெரியும் என்று அறிந்ததும் அவளிடமும் பேச்சை நிறுத்திக்கொண்டான். கடைக்கு எதிரே சாலையில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். ஒரு வாரத்திலேயே அது எவ்வளவு கனம் என்று பலூனுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா மட்டும் நாள் தவறாமல் போன் பண்ணித் திட்டினாள். "நீதான் கொண்டு வந்தே, நீயே கொண்டு போய் விட்டுட்டே."

மறு மாதம் சாமான்களோடு குருவி அந்த வீட்டுக்குக் குடி போனாள். பலூன் கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு முதல் பஸ் பிடித்துப் போனாள். தான்தான் முதலில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசை. படியேறிப் பார்த்தால் நர்ஸ் நாற்காலி மேல் ஏறி நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டாளாம்.

பலூன் சமையலறைக்குப் போய்ப் பாத்திரப் பெட்டியைப் பிரித்தாள். எதை எங்கே வைத்தால் குருவிக்குக் கை எட்டும் என்று அவளுக்குத் தெரியும். அதை நர்ஸ் செய்ய முடியாது. கொஞ்சம் கழித்து நர்ஸும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து, கழுவிய பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். பாத்திரங்கள் ஒருத்தி கையிலிருந்து மற்றவள் கைக்கு மாறின.

முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பேக்கரிக்காரம்மா ஒரு தட்டு பன்னோடு மேலே வந்து, அந்த வெதுவெதுப்பான தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஊரில் யாரைப் பற்றியோ ஏதோ கதை. குருவி அவருக்கு எதிரே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பலூன் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"என்னது, என்னது?" என்று பலூன் சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"அது ஒண்ணுமில்லடி, இந்தத் தெருவுல ஒரு ஆளு" என்றாள் குருவி, சிரிப்புக்கு நடுவில்.

நர்ஸ் துடைத்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "பாருங்க, இன்னும் ரெண்டு மாசத்துல அவளுக்கு எல்லாமே அந்தம்மாதான். நம்ம ரெண்டு பேரும் விருந்தாளி" என்று மெல்லிய குரலில் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்ததும், அந்த முகத்தில் இருந்தது என்ன என்று பலூனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"விட்டுடுவோமா?" என்றாள் பலூன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பேக்கரிக்காரம்மாவுக்கும் குருவிக்கும் நடுவில் நகர்த்தி நகர்த்தி இடம் பண்ணி உட்கார்ந்தாள். ஒரு பன்னை எடுத்துக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க. யாரு அந்த ஆளு?" என்று கேட்டாள்.